பழைய கல்நார்க் கூரையை இறக்குதல்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று கீழே நோக்குகிறவர்களுக்கு, நகரம் எவ்வாறு வளர்ந்து வந்தது என்பதைக் கூரைகளே சொல்லிவிடும். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகளும் கான்கிரீட் தளமிட்ட புதிய மாடிகளும் ஒருபுறமிருக்க, பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்கூடங்களிலும், பூட்டுப் பட்டறைகளிலும், நாகல் நகரின் வீட்டுத் தாழ்வாரங்களிலும், நகரத்துக்கு அப்பால் வடமதுரை, வேடசந்தூர் வரையில் பரந்துள்ள சமவெளியின் கோழிப் பண்ணைகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும், அலை அலையாக நெளிந்த சாம்பல் நிறத் தகடுகள் கண்ணுக்குத் தட்டுப்படும். சிமெண்டு ஷீட் என்றும் ஆஸ்பெஸ்டாஸ் என்றும் நாம் வழங்கிவருகிற கல்நார்த் தகடுகள் இவையே. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மேலே ஏறிய இத்தகடுகள் இப்போது ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியிருக்கின்றன. வீட்டின்மேல் அசையாமல் கிடந்த இத்தனை ஆண்டுகளில் ஒரு தகடு செய்யாத கெடுதியை, அதை இறக்குகிற ஒரு முற்பகல் வேளையில் சம்மட்டி செய்துவிடக்கூடும் என்பதால், இறக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது.

இந்தத் தகடு நம் வீடுகளுக்கு வந்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரிய நாட்டு லுட்விக் ஹாட்செக் என்பவர், அட்டை செய்யும் இயந்திரத்தையொத்த ஓர் இயந்திரத்தில் கல்நார் இழைகளையும் சிமெண்டையும் நீரில் கரைத்து ஓட்டி, மெல்லியதும் உறுதியானதுமான தகடுகளை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். தகட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில்தான் இழை. மற்றது பெரும்பாலும் சிமெண்டே. நெருப்புப் பற்றாமை, கறையான் அரிக்காமை, துருப்பிடிக்காமை, மலிவு ஆகிய இக்குணங்கள் யாவும் ஒரு பொருளில் சேர்ந்திருந்தமையால் உலகமெங்கும் அதற்கு வரவேற்புக் கிடைத்தது. நம் மாகாணத்திலும் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலும் பின்னர் அரக்கோணத்திலும் ஆலைகள் எழுந்தன. கோடைதோறும் ஓலைக் குடிசைகள் வரிசையாக எரிந்து சாம்பலாவதைக் கண்ட ஏழை ஜனங்களுக்கு, எரியாத கூரை என்பது சாமானிய விஷயமன்று. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்ட பிறகு, பள்ளிகளிலிருந்து கீற்று அகற்றப்பட்டபோது, அவ்விடத்தில் பல ஊர்களில் ஏறியது இந்தச் சாம்பல் நிறத் தகடுதான். ஓர் அபாயத்தை விலக்கும் அவசரத்தில் மற்றோர் அபாயத்தைக் கூரையில் ஏற்றினோம் என்று இன்று சொல்வது சுலபம். அன்றைய துக்கத்தில் அதைச் சொல்லக்கூடியவர் யார்?

கல்நார் ஒரு தாதுப் பொருள். பாறைப் பிளவுகளில் நார் நாராக விளைந்து கிடப்பது. அதில் பல வகைகள் உண்டெனினும், கூரைத் தகடுகளில் பெரும்பாலும் கலந்திருப்பது கிரைசோடைல் எனப்படும் வெள்ளைக் கல்நார்; மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்து உண்டான மெல்லிய படலம் பாயைப் போலத் தனக்குள் சுருண்டு கொள்வதால் பிறந்த இழை அது. பருத்தி நாரையோ தேங்காய் நாரையோ கையால் கிழித்தால் ஓரளவுக்குமேல் கிழியாது. கல்நாரோ நெடுக்குவாட்டில் பிளந்துகொண்டே போய், கண்ணுக்குச் சிறிதும் புலனாகாத நுண்ணிழைகளாகச் சிதறக்கூடியது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குக் குறைந்த பருமனும் உடைய இழைகளையே காற்றுப் பரிசோதனையில் நிபுணர்கள் எண்ணுகிறார்கள். அத்தகைய இழை காற்றில் பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். அதற்கு மணமில்லை, இருமலை உடனே வரவழைக்கும் குணமுமில்லை. ஜன்னல் வழியே விழும் வெயிலில் நாம் காணும் தூசியெல்லாம் பெரிய தூசி. பயப்படவேண்டியது காணாத தூசிக்கு.

சுவாசத்தோடு உள்ளே செல்லும் சாதாரணத் தூசியை மூக்கும் மூச்சுக் குழலும் தடுத்து வெளியேற்றிவிடுகின்றன. அவற்றைத் தாண்டிச் செல்வனவற்றை நுரையீரலின் காற்றறைகளில் காவல் புரியும் உயிரணுக்கள் விழுங்கிச் சீரணித்துவிடுகின்றன. ஆனால் தன் உடலைவிட நீளமான கல்நார் இழையை விழுங்கப் புகும் உயிரணு, அதை முழுதும் உட்கொள்ளவும் மாட்டாமல், விட்டுவிடவும் மாட்டாமல், தன்னிடமுள்ள இரசாயனங்களைக் கொட்டிவிட்டு மடிந்துபோகிறது. அதன்பின் வரும் உயிரணுவுக்கும் அதே கதி நேர்கிறது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சியால் நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஒரு வியாதி. நுரையீரற் புற்று மற்றொன்று. நுரையீரலைப் போர்த்திய சவ்வில் உண்டாகும் மீசோதீலியோமா என்னும் புற்றோ, பெரும்பாலும் கல்நாரைத் தவிர வேறு காரணத்தால் வராதது. இழை உள்ளே புகுந்ததற்கும் வியாதி வெளிப்படுவதற்கும் இடையே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூடச் செல்லும். 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தபோது, தொழிலாளி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையைவிட்டு நின்ற பிறகு 15 ஆண்டுகளோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரையில் அவருடைய சுகாதாரப் பதிவேட்டைக் காக்கவேண்டுமென்று ஆலைகளுக்குக் கட்டளையிட்டதன் தாத்பரியம் இதுவே. ஆனால் பழைய கூரையை உடைக்க ஒரு நாள் கூலிக்கு வருகிற மனிதருக்குப் பதிவேடு எது? அவர் நாளை வேறு தெருவில், மறுநாள் வேறு ஊரில் இன்னொரு கூரையை உடைக்கப் போகிறார். வீட்டுக்காரருக்கு இது ஆயுளில் ஒரு முறை நேர்வது. அவருக்கோ வாரத்துக்கு ஒரு முறை. புகைபிடிக்கும் பழக்கமும் அவருக்கிருந்தால் நுரையீரற் புற்றின் அபாயம் கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பது ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்ட உண்மை. சுருட்டுக்குப் பெயர்போன ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

வெள்ளைக் கல்நார் சாதுவானது, நீலமும் பழுப்புமே கொடியவை என்று வியாபாரிகள் வாதிப்பதுண்டு. நீலத்தைக் காட்டிலும் வெள்ளை நுரையீரலில் சீக்கிரம் கரைகிறது என்பது மெய்தான். ஆயினும் எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்று விளைப்பதே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும், ஒரு காலத்தில் கல்நாரை வெட்டி உலகுக்கெல்லாம் விற்ற கனடா 2018-லும் அதை விலக்கிவிட்டன. அண்டையிலுள்ள இலங்கையும் விலக்கத் துணிந்தது. ஆனால் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்ததென்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைக்க, கல்நாரை விற்கும் தேசமும் ரஷ்யாவே என்பதை உணர்ந்த கொழும்பு தன் தீர்மானத்தைத் தளர்த்திக்கொண்டது. தேயிலைத் தடையும் நீங்கிற்று. மலையகத் தமிழர் பறித்த கொழுந்து கல்நாருக்குப் பிணையாக நின்ற கதை இது. நம் தேசத்தில் புதிதாகக் கல்நார் வெட்டுவதற்கு அனுமதி நின்று பல ஆண்டுகளாயினும், இறக்குமதி செய்த இழையைக் கொண்டு தகடு வார்ப்பது நிற்கவில்லை. ஆகவே, கூரையில் கிடப்பது பழைய தகடானாலும் புதிய தகடானாலும், கல்நார் இல்லை என்று ஆலைக்காரர் எழுத்தில் உறுதி கூறினாலொழிய, உண்டு என்றே கொள்வது விவேகம்.

இத்தனையும் கேட்டபின், உடனே ஆளைக் கூப்பிட்டுக் கூரையைப் பிரித்துவிட வேண்டும் என்று தோன்றுமானால், அந்த எண்ணத்தைச் சிறிது நிறுத்திவையுங்கள். தகட்டில் இழைகளைச் சிமெண்டு கெட்டியாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. விரிசலின்றி, துளையின்றி, யாரும் தொடாமல் கிடக்கும் தகட்டிலிருந்து காற்றில் கலக்கும் இழை மிகச் சொற்பம். அக்கூரையில் விழுந்த மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிறோமே என்று அஞ்சுவோரும் உண்டு. கல்நாரால் விளையும் கேடு பெரும்பாலும் சுவாசத்தின் வழியே வருவது, குடிநீரின் வழியே வருவதற்கு உறுதியான சான்று அகப்படவில்லை. ஆனால் தகடு நித்தியமானதன்று. நம் சமவெளியின் சித்திரை வெயிலில் பகலெல்லாம் கொதித்து, திடீரென்று வரும் கோடை மழையில் குளிர்ந்து, ஆண்டுதோறும் இவ்வாறு விரிந்து சுருங்குவதால் மேற்பரப்பின் சிமெண்டு மெல்ல மெல்ல அரிபட்டு, இழைகள் தலைநீட்டத் தொடங்குகின்றன. பாசி படர்ந்து கறுத்தும், ஓரங்கள் உதிர்ந்தும், போல்ட் துளையைச் சுற்றி வெடித்தும், தாழ்வாரக் குழாயில் சாம்பல் நிறச் சேறு சேர்ந்தும் காணப்பட்டால், அக்கூரையின் ஆயுள் முடிந்ததென்று அறியலாம். அவ்வளவு சேதமில்லாத கூரைக்கு நல்ல வர்ணம் பூசி விட்டுவைப்பது மேலானது. பூசுமுன் சுரண்டுவதும், இரும்புத் தூரிகையால் தேய்ப்பதும், வேகமான நீர்த்தாரையைப் பீய்ச்சுவதும் மட்டும் கூடாது. ஒரு விளக்குக்காகவோ குழாய்க்காகவோ தகட்டில் புதிய துளை போடுவதையும் தவிர்க்கவேண்டும்.

இறக்கியே தீரவேண்டுமென்று முடிவானால், "ரெண்டு மணி நேர வேலை சார், நாலு தட்டு தட்டினா எல்லாம் கீழே வந்துரும்" என்று சொல்லும் மேஸ்திரிக்கு முதலில் விடை கொடுத்து அனுப்பவேண்டும். அவர் கெட்டவரல்லர், அவ்வாறே அவர் கற்றிருக்கிறார். அறிவியல் கூறும் முறை முழுவதும் இரண்டு கட்டளைகளில் அடங்குகிறது: தகடு நனைந்திருக்கவேண்டும், தகடு முழுதாக இறங்கவேண்டும். நனைந்த தூசி பறக்காது, உடையாத தகட்டில் தூசி பிறக்காது. மற்ற ஏற்பாடுகளெல்லாம் இவ்விரண்டுக்கும் துணை.

காலத்தைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவராமல் வெறுங்காற்றாக இச்சமவெளியைத் துடைத்துக்கொண்டு போகும் ஆனி, ஆடி மாதங்கள் இவ்வேலைக்கு முற்றிலும் ஆகாதவை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், காற்று அடங்கி, பனி இறங்கியிருக்கும் மார்கழி, தை மாதத்துக் காலை வேளையே உத்தமம். அண்டை வீட்டாருக்கு முதல் நாளே சொல்லி, கதவு ஜன்னல்களைச் சாத்தச் செய்து, கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி, வீட்டினுள்ளிருக்கும் பாத்திரம், தானியம், படுக்கை யாவற்றையும் வெளியேற்றி, அகற்றமுடியாத சாமான்களின்மீதும் தரையின்மீதும் கனமான பாலித்தீன் தாளை விரித்துவிடவேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. மின்சாரத்தை நிறுத்தியபிறகே நீரைத் தெளிக்க வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் உயிர் சம்பந்தப்பட்டது.

உயிரைப் பற்றிப் பேசும்போது மற்றொன்று. நாற்பது ஆண்டு கழித்து வரும் புற்றுக்கு முன்னால், அந்தக் கணமே வரும் மரணம் ஒன்று இக்கூரையில் காத்திருக்கிறது. 6 மில்லிமீட்டர் கனமுள்ள பழைய தகடு மனிதன் பாரத்தைத் தாங்காது. காலை வைத்த இடம் உடைந்து, கீழேயுள்ள தரையில் விழுந்து மாண்டவர்கள் எத்தனையோ பேர். நனைத்த தகடு வழுக்கவும் செய்யும். ஆகையால் எவரும் தகட்டின்மேல் ஏறாமல், வீட்டுக்குள்ளேயே உறுதியான சாரம் கட்டி, அதன்மேல் நின்று தகடுகளைக் கழற்றுவதே சரியான முறை. வயலுக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை நன்றாகக் கழுவி, நீரில் சிறிது பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைக் கலந்து, மெல்லிய தூற்றலாக இருபுறமும் தெளிக்கவேண்டும். வெறும் நீரைவிடச் சோப்பு நீர் இழைகளுக்குள் எளிதில் ஊறும். மேல்தகடு கீழ்த்தகட்டின்மீது படிந்திருப்பதால், முகட்டு ஓட்டிலிருந்து தொடங்கி, ஏற்றிய வரிசைக்கு நேர்மாறாக இறக்கிவரவேண்டும். சட்டத்தோடு தகட்டைப் பிணைத்திருக்கும் ஜே போல்ட்டுகள் பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே எண்ணெய் விட்டு வைத்து மறுநாள் ஸ்பேனரால் திருகிப் பார்க்கலாம், மசியாவிட்டால் போல்ட்டை மட்டும் கட்டரால் நறுக்கலாம். தகட்டைப் பெயர்த்து எடுப்பதும், வேகமாகச் சுழலும் அறுப்பு இயந்திரத்தைத் தகட்டின்மேல் வைப்பதும் மகாபாதகம். நான் ஒன்றைத் தடைசெய்யும் அதிகாரம் பெற்றவனாயிருந்தால், அந்த இயந்திரத்தைத்தான் முதலில் தடைசெய்வேன்.

3 மீட்டர் நீளமுள்ள ஒரு தகடு நாற்பது கிலோவுக்குமேல் நிறையுள்ளது. மேலிருவர், கீழிருவர் என்று நால்வர் கைமாற்றி இறக்கவேண்டுமேயன்றி, எறியவும் சரிக்கவும் கூடாது. இறங்கிய தகடுகளைப் பாலித்தீன் தாளின்மேல் ஈரத்தோடு அடுக்கி, 200 மைக்ரான் கனத்துக்குக் குறையாத தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டுநாடாவால் வாயை அடைத்து, உள்ளிருப்பது கல்நார் என்று பெரிய எழுத்தில் எழுதிவைக்கவேண்டும். தவறி உடைந்த துண்டுகளையும், தாழ்வாரக் குழாயின் சேற்றையும் அவ்வாறே ஈரத்தோடு வாரிக் கட்டவேண்டும். துடைப்பத்தைத் தொடவே கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியையும் அதே மூட்டையில் போட்டுவிடவேண்டும்.

முகத்துக்குத் துண்டு கட்டிக்கொள்வது மனத்துக்குச் சமாதானமேயன்றி நுரையீரலுக்குக் காப்பன்று. ஆஸ்பத்திரியில் அணியும் மெல்லிய முகமூடியும் அப்படியே. எஃப்.எஃப்.பி. 3 என்றோ பி-100 என்றோ குறிக்கப்பட்ட வடிகட்டியுள்ள சுவாசக் கவசமே பிரயோஜனப்படும். அதுவும் தாடியின்மேல் சரியாகப் படியாது. வேலை முடிந்ததும் உடைகளை உதறாமல், நனைத்துக் கழற்றி, இயன்றால் மூட்டையிலேயே கட்டிவிட்டு, தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் செல்லவேண்டும். கல்நார் ஆலையின் வாசலையே மிதித்தறியாத பெண்கள், கணவன்மாரின் வேலைச் சட்டையை உதறித் துவைத்ததொன்றாலேயே மீசோதீலியோமாவுக்குப் பலியான செய்திகள் பல தேசத்து மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன.

இனி, நம்மிடையே மிகவும் இருளடைந்து கிடக்கும் பகுதிக்கு வருவோம்: இறக்கிய தகடு எங்கே போவது? இப்போது நடப்பதைச் சொல்கிறேன். முழுத்தகடு இரண்டாம் விலைக்கு விற்கப்பட்டு ஒரு மாட்டுக் கொட்டகையின்மேலோ குளியலறை மறைப்பாகவோ மறுஜன்மம் எடுக்கிறது. உடைந்தது பள்ளம் தூர்க்கப் போகிறது, அல்லது குப்பையோடு குப்பையாகி வண்டிச் சக்கரத்தில் நசுங்குகிறது. இதனால் கூரையில் கட்டுண்டு கிடந்த இழை, தெருப் புழுதியாகி, எல்லோருடைய மூச்சிலும் கலக்கத் தயாராகிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், கல்நார்ப் பொருள்களின் உற்பத்தியில் கழியும் கல்நாரைத் தம் அட்டவணையில் சேர்த்திருக்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்திலும் கல்நார்க் கழிவை ஒழிக்கும் முறை பற்றித் தனி ஏடு உண்டு. அத்தகைய கழிவை முறையாகப் புதைக்கும் இடம், சென்னைக்கும் வடக்கேயுள்ள கும்மிடிப்பூண்டி போன்ற சில ஊர்களில்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடுகள் ஆலைகளை நினைத்து வகுக்கப்பட்டவை. பத்துத் தகடு இறக்கிய ஒரு திண்டுக்கல் குடும்பஸ்தர், அதை அத்தகைய இடத்துக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பார்? ஆஸ்திரேலியாவின் பல மாகாணங்களில், 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கல்நார்த் தகட்டை உரிமம் பெற்றவரே அகற்றவேண்டுமென்றும், அகற்றியதை ஏற்பதற்கென்று குறித்த இடத்திலேயே சேர்க்கவேண்டுமென்றும் சட்டம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். மாதத்துக்கு ஒரு நாள் கட்டிய மூட்டைகளைப் பெற்றுக்கொள்ள ஒரு வண்டியும், சேர்த்துவைக்க ஒரு பூட்டிய கொட்டகையும் மாநகராட்சி ஏற்படுத்தினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை மொத்தமாக அனுப்பிவைப்பது அசாத்தியமான காரியமல்ல.

கூரைகளை மாற்றும் வேகமோ கூடிக்கொண்டே போகிறது. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் கட்டப்படும் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் இடவேண்டுமென்றும், ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ கூடாதென்றும் நிபந்தனை விதித்திருப்பது பாராட்டத்தக்கது. அந்நிபந்தனையால் ஏறாமற்போகும் புதிய தகட்டைப் பற்றி அரசு யோசித்திருக்கிறது. அதே மனையிலிருந்து இறங்கும் பழைய தகட்டைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அந்த வரி எழுதப்படும் வரையில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது இதுதான். கூரையைத் தொடுவதற்கு முன்பே, இறங்கும் தகடுகளின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, அவற்றை எங்கே சேர்ப்பதென்று கேட்டு, மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திண்டுக்கல் அலுவலகத்துக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பத்துப் பேர் கேட்டால் கோப்பாகும். நூறு பேர் கேட்டால் ஏற்பாடாகும். பதில் வரும்வரையில், கூரை தாங்குமானால் அப்படியே இருக்கட்டும். இறக்கிவிட்டீர்களானால், கட்டிய மூட்டைகள் யாரும் மிதிக்காத மூலையில், வெயில் படாமல் மூடிக் கிடக்கட்டும். பழைய சாமான் வண்டிக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கூலி பேசுகையில் இரண்டு மணி நேரத்துக்குப் பேசாமல் ஒன்றரை நாளுக்குப் பேசி, வேலை செய்ய வருகிறவர்களுக்குச் சுவாசக் கவசத்தை உங்கள் செலவிலேயே வாங்கிக்கொடுங்கள்.